புதுவையும் சிற்பநூற் கல்வியும்

குடமுழுக்கு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழுவன விமானத்தின் உச்சியில் நிற்கும் கலசமும், அதன்மீது சொரியப்படும் புனித நீரும், கீழே கூப்பிய கைகளுடன் அண்ணாந்து நிற்கும் மெய்யன்பர் கூட்டமுமேயாம். அக்கலசம் எத்துணை உயரத்தில் நிற்றல் வேண்டும், அதனைத் தாங்கும் சிகரம் எவ்வளவு அகன்றிருத்தல் வேண்டும், அச்சிகரத்தைத் தாங்கும் கழுத்துக்கும் சுவருக்கும் அடித்தளத்துக்கும் தம்முள் என்ன விகிதம் என்னும் வினாக்கள் அந்நேரத்தில் நம்மிடம் எழுவதில்லை. எழாமலிருப்பதே இயல்பு. அவற்றுக்கெல்லாம் விடை கூறும் பொறுப்பை நம் முன்னோர் ஒரு தனிக் கல்வியிடம் ஒப்படைத்திருந்தனர். சிற்பநூல், வாஸ்து நூல், மனைநூல் எனப் பல பெயர்களால் அது வழங்கி வந்துள்ளது. ஒரு பொருளை ஆக்கத் தொடங்குமுன் அதன் உருவையும் அளவையும் பயனையும் கருத்தளவில் வரையறுத்துக்கொள்ளும் நெறியை இக்காலத்தார் வடிவமைப்பியல் என்பர். நம் நாட்டில் அந்நெறி மிக விரிவாக எழுத்தில் வைக்கப்பட்ட துறை திருக்கோயில் அமைப்பேயாகும்.

அக்கல்வியின் வரலாற்றை இம்மலரில் எழுத முற்பட்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. நூற்றாண்டுகளாக ஓலைச் சுவடிகளில் ஒரு பாதியும் சிற்பிகளின் நினைவில் மறுபாதியுமாகப் பிரிந்து கிடந்த அதனை ஆராய்ந்து உலகறியச் செய்த பணியில் நம் புதுவை நகருக்குப் பெரும்பங்கு உண்டு. தேங்காய்த்திட்டின் உப்பங்கழிக் கரையிலிருந்து சில கல் தொலைவிலேயே அப்பணி நடந்தது, இன்றும் நடக்கின்றது. ஆயினும் கோயிலுக்கு வாரி வழங்கும் அன்பர்களுள் பலர் இதனை அறியார்.

சிற்பநூல்கள் பல. மானசாரம், மயமதம், காசியபம் ஆகியவை தென்னாட்டுக் கோயில் அமைப்புக்கு நெருங்கியவை. இவையேயன்றிச் சைவ ஆகமங்களிலும் வைணவ ஆகமங்களிலும் கோயில் எடுப்பிக்கும் விதிகள் விரிவாக உள. மயமதம் 36 இயல்களைக் கொண்டது. சோழர் காலத்தையொட்டித் தென்னாட்டில் இயற்றப்பட்டதாக ஆய்வாளர் கருதுவர். நிலத்தைத் தேர்தல், மண்ணைச் சோதித்தல், திசை காணல், ஊரமைத்தல், வீடமைத்தல், கோயிலின் அடி முதல் முடி வரையான உறுப்புகள், இருக்கை, கட்டில், தேர் என அது பேசாத பொருள் இல்லை. ஒரு கட்டிலின் காலும் ஒரு நகரின் வீதியும் ஒரே நெறிக்குட்பட்டவை என்பது அந்நூலாரின் துணிபு. இத்துணிபு எளிதன்று. மனிதர் பயன்படுத்தும் பொருள் எதுவாயினும் அது எண்ணித் துணிந்து ஆக்கப்பட வேண்டியதே என்னும் கருத்து அதனுள் அடங்கியிருக்கின்றது.

அந்நூல்கள் அளவைத் தொடங்கும் இடமே வியப்புக்குரியது. கண்ணுக்குப் புலனாகாத பரமாணுவினின்று அவை தொடங்குகின்றன. எட்டுப் பரமாணு ஒரு தேர்த்துகள். எட்டுத் தேர்த்துகள் ஒரு மயிர்நுனி. எட்டு மயிர்நுனி ஓர் ஈர். எட்டு ஈர் ஒரு பேன். எட்டுப் பேன் ஒரு யவை. எட்டு யவை ஒரு விரல். இவ்வாறு பெருக்கின் ஒரு விரலுக்கு 2,62,144 பரமாணு ஆகும். விரல் 24 கொண்டது ஒரு முழம். பொருளுக்கேற்ப 25, 26, 27 விரல் கொண்ட முழங்களும் உண்டு. அவற்றுக்குத் தனிப்பெயர்களும் உண்டு. ஈரும் பேனும் கோயிற் கணக்கில் இடம்பெறுதல் கண்டு நகைப்பவர் உளர். அளவுகோல் அச்சிட்டு விற்கப்படாத காலத்தில், எவ்வூரினும் எவர் கையிலும் கிடைக்கும் சிறு பொருள்களைக் கொண்டே அளவை விளக்கவேண்டியிருந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

அளவு பிறந்தபின் அதனைச் சோதிக்கும் கணக்கு வருகின்றது. அதற்கு ஆயாதி என்று பெயர். வரவு, செலவு, யோனி, நட்சத்திரம், கிழமை, அம்சம் என்னும் ஆறும் அதன் உறுப்புகள். நூலுக்கு நூல் எண்கள் சிறிது மாறுபடும். வழக்கிலுள்ள ஒரு முறையை இங்குக் காட்டுவோம். ஓர் அளவை எட்டால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் எஞ்சுவது வரவு. ஒன்பதால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் எஞ்சுவது செலவு. மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்தால் எஞ்சுவது யோனி. வரவு செலவினும் மிக்கிருத்தல் வேண்டும். யோனி ஒற்றைப்படையாக இருத்தல் வேண்டும். 11 முழம் என்று ஓர் அளவை எடுத்துக்கொள்க. வரவு 4, செலவு 9. செலவு மிகுதலின் அவ்வளவு ஆகாது. 12 முழமாயின் யோனி 4. இரட்டைப்படையாதலின் அதுவும் ஆகாது. 13 முழமாயின் வரவு 8, செலவு 7, யோனி 7. இவ்வளவு கொள்ளத்தக்கது.

இக்கணக்கை வெறும் சோதிட நம்பிக்கை என்று ஒதுக்குவாரும், இதுவே தெய்வீகம் முழுமையும் என்று கொள்வாரும் உளர். எம் கருத்தில், அக்கணக்குக்கு மற்றொரு பயனும் உண்டு. பெருந்தச்சன் ஊரில் இல்லாத நாளில் எவரேனும் ஓர் அளவை அரை முழம் கூட்டியோ குறைத்தோ விட்டால், அடுத்துக் கணக்குப் பார்ப்பவன் கையில் அது பிடிபட்டுவிடும். பொருள் கொடுப்பவர் தம் விருப்பம்போல் இன்னும் இரண்டு முழம் நீட்டச் சொன்னாலும், கணக்கு இடங்கொடாது என்று சிற்பி பணிவாகவே மறுக்கலாம். மன்னனுக்கும் மறுமொழி கூறும் வலிமையை ஏழைச் சிற்பிக்கு அவ்வெண்கள் அளித்தன என்று கொள்ளலாம்.

கோயிலை உடலாகக் காணுதல் நாமெல்லாம் அறிந்ததே. அடித்தளம், சுவர் அல்லது கால், கூரை வரிசை, கழுத்து, சிகரம், உச்சிக்கலசம் என்னும் ஆறு உறுப்புகளும் சேர்ந்ததே விமானம். திருவுருவங்களுக்கும் இவ்வாறே தாளக் கணக்கு உண்டு. உத்தம தசதாளத்தில் உருவின் உயரம் 124 கூறாகப் பகுக்கப்படும். ஓர் உறுப்பின் அளவு தெரிந்தால் ஏனையவற்றை ஊகித்தறியலாம் என்பது இதன் சிறப்பு. 1748-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டிருந்த நாள்களில், துய்ப்ளேக்சின் ஆட்சியில் வேதபுரீசுவரர் கோயில் இடித்துத் தள்ளப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் நெஞ்சுருக எழுதிவைத்துள்ளார். அக்கோயில் பிற்காலத்தில் மீண்டும் எழுந்தது. கல் போயினும் கணக்கு அறிந்தவர் இருக்கும் நாட்டில் கோயில் மறுபடி எழக்கூடும் என்பதற்கு நம் நகரே சான்று.

இக்கணக்கை வைத்திருந்தவர் யாவர்? சிற்பநூல்கள் நால்வரைக் கூறும். பணி முழுமைக்கும் தலைவன் ஸ்தபதி. நூலிட்டு அளந்து அவன் கருத்தை நிறைவேற்றுபவன் சூத்திரக்கிராகி. அவன் ஸ்தபதியின் மகனாகவோ மாணாக்கனாகவோ இருப்பான். கல்லையும் மரத்தையும் செதுக்குபவன் தட்சகன். செதுக்கியவற்றைச் சேர்த்து எழுப்புபவன் வர்த்தகி. ஸ்தபதிக்கு வேண்டும் இலக்கணங்களைப் படிக்கும்போது, கணிதமும் பழவரலாறும் அறிந்திருத்தலோடு பொறாமையின்மையும் பேராசையின்மையும் உடல்நலமும் அவனுக்கு விதிக்கப்படுகின்றன. உரோமாபுரியில் கி. மு. முதல் நூற்றாண்டில் விட்ரூவியஸ் என்பார் கட்டடக்கலை பற்றிப் பத்துப் பகுதிகளாக எழுதிய நூலிலும் ஏறத்தாழ இத்தகைய பட்டியலே காணப்படுகின்றது. கைப்பழக்கம் மட்டும் உடையவர் மதிப்புப் பெறுவதில்லை, ஏட்டறிவு மட்டும் உடையவர் நிழலையே துரத்துகின்றனர் என்பது அவர் கருத்து. கடல் கடந்த இரு நாட்டாரும் ஒன்றையே கண்டனர். ஆயினும் நம் நாட்டில் நேர்ந்தது, அவர் அஞ்சிய அப்பிரிவே.

அப்பிரிவுக்கு நம் சமுதாய அமைப்பும் காரணம் என்பதை மறைத்தலாகாது. கி. பி. 1118-ஐச் சேர்ந்த உய்யக்கொண்டான் திருமலைக் கல்வெட்டொன்றில், இரதகாரர் எனப்பட்ட வகுப்பினர் எத்தொழில்களைச் செய்யலாம் என்று பட்டர்கள் நூல்களை ஆராய்ந்து தீர்ப்புக் கூறியது பொறிக்கப்பட்டுள்ளது. கட்டடக்கலையும், கோபுரம் எடுத்தலும், தேர் செய்தலும், அணிகலன் செய்தலும் அவற்றுள் அடங்கும். தொழில் செய்பவர் ஒருவர். அத்தொழிலின் உரிமையை நூல் கொண்டு தீர்ப்பவர் வேறொருவர். கொங்கு நாட்டுக் கோயில்களில் உள்ள மற்றொரு கல்வெட்டு இதனினும் நம்மைச் சிந்திக்க வைப்பது. கோனேரின்மைகொண்டான் என்னும் பெயரால் வெளியிடப்பட்ட அவ்வரசாணை, கம்மாளர்க்குச் சில உரிமைகளை வழங்குகின்றது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம். வெளியிற் செல்லுங்கால் செருப்பு அணியலாம். தம் வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். ஆணையிட்டு அளிக்கவேண்டியிருந்தமையால் அதற்குமுன் அவ்வுரிமைகள் அவர்க்கு இல்லை என்பது வெளிப்படை. இறைவன் இல்லத்தை அளந்து எழுப்பிச் சுதை பூசிய கைகள் தம் இல்லத்துச் சுவருக்குச் சாந்து பூசுவதற்கு அரசன் ஓலை வேண்டியிருந்தது! குடமுழுக்கு மலர்களில் மன்னரின் கொடையைப் பாடுகின்றோம். இதனையும் ஒருமுறை நினைத்தல் தகும்.

நூல் ஒருவரிடமும் கை வேறொருவரிடமும் இருந்ததன் விளைவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருவர் நேரிற் கண்டார். அவர் தஞ்சையிற் பிறந்து பெங்களூரில் நீதிபதியாக விளங்கிய இராம்ராஸ் என்பார். இந்தியக் கட்டடக்கலையைப் பற்றி நூல்களின் துணைகொண்டு எழுதப் புகுந்த அவர், மானசாரம் முதலியவற்றின் சிதைந்த சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். வடமொழிப் புலவரிடம் காட்டினார். அவர்களுக்குச் சொற்களின் இலக்கணம் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. குமுதம் என்றால் ஆம்பல் மலர் என்பர். அடித்தளத்தில் உருண்டு நிற்கும் வரிக்கு அது பெயர் என்பதை அறியார். சிற்பிகளிடம் காட்டினார், அவர்களுக்குப் பொருள் கைவந்திருந்தது, நூலின் மொழி தெரியவில்லை. இறுதியில் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த கம்மாளச் சிற்பி ஒருவரின் துணையாலேயே அவருக்கு நூலின் வாயில் திறந்தது. அவருடைய நூல், அவர் மறைந்தபின் 1834-ஆம் ஆண்டில் 48 படங்களோடு இலண்டனில் வெளிவந்தது. நம் கோயில் அமைப்பை நூல் நெறியோடு ஆங்கிலத்தில் விளக்கிய முதற் பெருநூல் அதுவே. அச்சிற்பியின் பெயர் நாடறியும் பெயராகவில்லை.

இராம்ராஸ் தொடங்கியதை வேறொரு வழியில் தொடர்ந்தவர் நம் புதுவையில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேய். அவர் 1885-இல் சைகோனிற் பிறந்தவர், புதுவைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், 1945-இல் மறைந்தவர். அரியாங்குப்பத்து ஆற்றின் கரையில், நம் தேங்காய்த்திட்டை அடுத்துள்ள அரிக்கமேட்டின் சிறப்பை 1937-இல் உணர்ந்து உலகுக்கு அறிவித்தவரும் அவரே. அரிக்கமேட்டுக்காகவே பலர் அவரை அறிவர். அதற்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன், 1914-இல், அவர் பாரிசில் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூல் அதனினும் பெரும்பணி என்பது எம் கருத்து. இரண்டு தொகுதிகளைக் கொண்ட அதன் முதல் தொகுதி கட்டடக்கலை பற்றியது. அதன் சாரம் 1917-இல் திராவிடக் கட்டடக்கலை என்னும் பொருளில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

துப்ரேய் செய்தது என்ன? திருப்பணிகளில் ஈடுபட்டிருந்த தமிழ்ச் சிற்பிகளிடம் சென்று, ஒவ்வோர் உறுப்புக்கும் அவர்கள் வழங்கும் பெயரைக் கேட்டறிந்தார். பின்னர்க் கோயில் கோயிலாகச் சென்று அவ்வுறுப்பின் உருவத்தை வரைந்து, காலவரிசையில் அடுக்கினார். தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையை எடுத்துக்கொள்க. பல்லவர் காலத்தில் அது வளைந்து, அலை அலையான வரிகளோடு இருக்கும். சோழர் காலத்தில் அவ்வளைவு மறைந்து, சாய்வாக வெட்டப்பட்டு, நடுவில் ஒரு துண்டு முன்னே நீளும். பாண்டியர் காலத்தில் அந்நீட்சி வளர்ந்து உருப்பெறத் தொடங்கும். விசயநகரக் காலத்தில் அதன் முனையில் தாமரை மொட்டுத் தொங்கும். பிற்காலத்தில் அது வாழைப்பூவை ஒத்து விரியும். கூரை விளிம்பில் உள்ள கூடுகளும் அவ்வாறே. பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டித் தலைபோல் விரிந்திருக்க, சோழர் கூட்டின் உச்சியில் சிங்கமுகம் வந்து அமரும்.

இவ்வாறு உறுப்புகளின் வளர்ச்சியைக் கொண்டே தென்னாட்டுக் கோயில்களைப் பல்லவர், சோழர், பாண்டியர், விசயநகரம், பிற்காலம் என ஐந்து காலப்பகுதிகளாக அவர் பகுத்தார். கல்வெட்டு இல்லாத கோயிலுக்கும் காலம் கூறும் வழி இதனால் பிறந்தது. இன்றளவும் ஆய்வாளர் திருத்தியும் விரித்தும் கையாள்வது இவ்வழியையே. போதிகை, கூடு, கும்பம், பலகை என நம் சிற்பிகள் பட்டறையில் வழங்கிய சொற்கள் பாரிசு நகரத்து நூலில் அச்சேறியது அவரால் நேர்ந்த நன்மை. அன்பர்கள் ஓய்வுள்ள நாளில் பாகூர் மூலநாதர் கோயிலுக்கோ, திருபுவனை வரதராசப் பெருமாள் கோயிலுக்கோ சென்று, வழிபாடு முடிந்தபின் தூண் தலைகளை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்களாயின் துப்ரேயின் பாடம் தானே விளங்கும்.

பாகூர் என்றவுடன் மற்றொன்று நினைவுக்கு வருகின்றது. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் பாகூரிலிருந்த வித்தியாத்தானத்துக்கு, அஃதாவது கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கோயிலுக்கு விளக்கெரிக்கக் கொடுப்பது போலக் கல்விக்கும் கொடுக்கும் வழக்கம் இம்மண்ணில் இருந்தது.

1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுவை இந்தியாவோடு இணைந்தது. அதனையடுத்து 1955-இல் புதுவையில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்த ழான் பிலியொசா என்னும் அறிஞர் மருத்துவம் பயின்றவர்; வடமொழியும் தமிழும் கற்றவர். கோயில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின் கல்லை மட்டும் அளந்து பயனில்லை, அக்கோயிலை ஆக்கிய ஆகம நூல்களைத் தேடவேண்டும் என்பது அவர் கொள்கை. அக்காலத்தில் ஆகமங்களுட் பல அச்சேறவில்லை. அச்சேறியவையும் பெரும்பாலும் கிரந்த எழுத்தில் அருகிக் கிடந்தன. என். ஆர். பட் என்னும் பேரறிஞர் தலைமையில் பண்டிதர்கள் தமிழகமெங்கும் சென்று, சிவாசாரியர் இல்லங்களிலும் மடங்களிலும் கோயில்களிலும் இருந்த ஓலைச் சுவடிகளைத் தொகுத்தனர். தர மறுத்தவர்களிடம் படியெடுத்துக்கொண்டனர். ரௌரவம், மிருகேந்திரம், அஜிதம், மதங்கம் முதலிய ஆகமங்கள் பல சுவடிகளை ஒப்புநோக்கிச் செம்மையாகப் பதிப்பிக்கப்பட்டன. அந்நிறுவனத்திலும், அதனோடு இணைந்து புதுவையிற் பணியாற்றும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுக் கல்விக் கழகத்திலும் இன்று உள்ள சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11,000. 2005-ஆம் ஆண்டில் யுனெசுகோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது.

மயமதத்துக்கு நல்ல பதிப்பு கிடைத்ததும் இங்கேதான். அந்நூலை 1919-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் முதலில் பதிப்பித்திருந்தார். புதுவையில் புரூனோ தாழான்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் மேலும் பல சுவடிகளைக் கொண்டு மூலத்தைத் திருத்தி, 1970-லும் 1976-லும் இரு தொகுதிகளாகப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1985-இல் வந்தது. இராம்ராஸ் தனியொருவராக ஒரு சிற்பியை வைத்துக்கொண்டு திறந்த வாயிலில், 140 ஆண்டுகள் கழித்து நூலறிவும் கள ஆய்வும் ஒருங்கே நுழைந்தன. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் மயமதத்தையும் காசியபத்தையும் தமிழுரையுடன் வெளியிட்டதனையும் இங்குக் குறிப்பிடுதல் கடன். பிரெஞ்சு மொழி அறியாத நம் ஸ்தபதிகளுக்கு அப்பதிப்புகளே கைவிளக்காயின.

நூல் இவ்வாறு புதுவையிற் காக்கப்பட, கை மாமல்லபுரத்திற் காக்கப்பட்டது. 1957-இல் அங்குச் சிற்பக்கலைப் பயிற்சி நிலையத்தை அரசு நிறுவியது. வைத்தியநாத ஸ்தபதியார் அதன் முதல் தலைவர். அவருக்குப்பின் அவர்தம் மகனார் கணபதி ஸ்தபதியார் நெடுங்காலம் அதனை நடத்திக் கல்லூரியாக வளர்த்தார். 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் குமரிமுனையில் திறக்கப்பெற்ற 133 அடித் திருவள்ளுவர் சிலை அவர் திட்டத்தில் உருவானதே. முன்னர்த் தந்தை மகனுக்கும் ஆசான் மாணாக்கனுக்கும் மட்டும் அளித்த கல்வி, பிறப்பை நோக்காது பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் உடைய கல்வியாக அங்கு மாறியது. செருமனியில் 1919-இல் தோன்றிய பௌஹவுஸ் என்னும் புகழ்பெற்ற கலைப்பள்ளி, கலைஞனையும் கைவினைஞனையும் ஒரே பட்டறையில் அமர்த்த முயன்றதை மேனாட்டார் பெரும்புரட்சியாகப் போற்றுவர். மாமல்லபுரத்தில் உளியோசைக்கு நடுவே சிற்பநூற் சுலோகம் ஒப்பிக்கப்பட்டதையும் அதற்கு இணையாக வைத்து எண்ணலாம்.

குடத்தைப் பற்றியும் ஒரு செய்தி. இந்தியாவில் வடிவமைப்புக் கல்வியை எவ்வாறு தொடங்கலாம் என்று ஆராய அழைக்கப்பெற்ற சார்லசு ஈம்சு, ரே ஈம்சு என்னும் அமெரிக்கத் தம்பதியர் 1958-இல் நம் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். நாட்டில் தாம் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்த அமைப்புடையது என்று அவர்கள் வியந்து எழுதியது சாதாரணச் செம்பை! தலைமுறை தலைமுறையாகப் பலர் கையில் திருந்தித் திருந்தி அவ்வுருவம் அமைந்ததை அவர்கள் விளக்கினர். அவ்வறிக்கையையொட்டி 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. யாகசாலையில் நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் வைத்து நாம் வழிபடும் கும்பமும் அதே குடும்பத்துப் பொருள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனரோ, என்னவோ!

இனித் திருப்பணிச் செல்வர்களுக்கு நேரே பயன்படும் ஒன்றைக் கூறுவோம். மயமதத்தின் 35-ஆம் இயல் பழுதுபட்ட கோயில்களைப் புதுப்பிக்கும் முறை பற்றியது. அதன் கருத்து இது. தலைமை உறுப்புகளும் துணை உறுப்புகளும் இன்னும் அடையாளம் தெரியும் நிலையிலுள்ள கோயிலை, அது எப்பொருளால் ஆக்கப்பட்டதோ அப்பொருளாலேயே செப்பனிட வேண்டும். குறைந்ததை நிறைவாக்கலாம்; முன்னிருந்த உயரமும் அகலமும் மாறுதல் கூடாது; முன்னில்லாத எதனையும் கூட்டுதல் கூடாது; முதலில் இருந்த தோற்றத்துக்கு இசையவே அனைத்தும் அமைய வேண்டும்; அறிந்தோரைக் கலந்தே செய்ய வேண்டும். பழங்கட்டடங்களைக் காப்பது குறித்து இன்று உலக நாடுகள் கூடி வகுத்துள்ள நெறிகளோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பவர், நம் நூலார் எவ்வளவு முன்னரே எவ்வளவு தெளிவாகக் கூறியுள்ளனர் என்று வியப்பர்.

ஆனால் நடப்பது என்ன? கருங்கல் தளத்தின்மேல் வழுக்கும் மெருகுக்கல் பதிக்கின்றோம். அதனால் அடித்தளத்தின் கீழ்வரிகள் மண்ணுள் புதைந்தனபோல் மறைகின்றன. ஆறு உறுப்புகளின் விகிதம் ஒரே நாளிற் கெடுகின்றது. கல்லில் படிந்த எண்ணெயைப் போக்க மணலை விசையோடு வீசி அடிக்கின்றோம். கல்லின் மேற்றோல் உரிந்து எழுத்துகள் மங்குகின்றன. சுண்ணாம்புச் சுதை இருந்த இடத்தில் சிமென்டைப் பூசுகின்றோம். நீரை உள்ளே அடைத்து அது செங்கல்லை அரிக்கின்றது. நம் திட்டைப் போன்று கழியும் கடலும் சூழ்ந்த ஊர்களில், உப்புக் காற்றைச் சுவாசித்து வெளிவிடும் தன்மை சுண்ணாம்புக்கு உண்டு, சிமென்டுக்கு இல்லை என்பதைப் பழைய கொத்தனார்கள் நன்கு அறிவர். கொடுப்பவர் மனம் தூயது, அதில் ஐயமில்லை. கொடைப்பொருள் பெருகும் வேகத்தில் நூலைக் கேட்பார் குறைந்துவிட்டனர் என்பதே குறை. 2021-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் பழங்கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பதற்கு 75 கட்டளைகளைத் தமிழக அரசுக்குப் பிறப்பிக்க நேர்ந்தது. மயமதத்தில் சில வரிகளில் அடங்கியதை நீதிமன்றம் இவ்வளவு விரிக்க வேண்டியிருந்தது நம் காலத்தின் நிலை.

எனவே பாலாலயம் செய்து சாரம் கட்டுவதற்குமுன் செய்யத்தக்கவை சில உள. விமானத்தின் ஆறு உறுப்புகளையும் அளந்து ஏட்டில் எழுதிக்கொள்ளலாம். நாற்புறமும் நிழற்படம் எடுத்துக்கொள்ளலாம். சுவரிலும் குமுதத்திலும் எழுத்து ஏதேனும் உளதாவெனப் பார்த்துப் படியெடுக்கலாம். நம் சன்லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தின் படத்தொகுதியில் தென்னாட்டுக் கோயில்களையும் திருவுருவங்களையும் காட்டும் நிழற்படங்கள் இலட்சத்துக்கும் மேற்பட்டு உள்ளன. அவற்றுட் பல, திருப்பணிகளால் உருமாறுவதற்கு முன்னர் 1956 முதல் எடுக்கப்பட்டவை. தம் ஊர்க் கோயில் முன்பு எவ்வாறிருந்தது என்று அறிய விரும்பும் திருப்பணிக் குழுவினர் முதலில் செல்லவேண்டிய இடம் அது.

பணி முடிந்தபின் உபயதாரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டுகின்றோம், அது முறையே. அதனோடு கோயிலின் அளவுகளையும் ஸ்தபதியின் பெயரையும் வெட்டிவைத்தல் நலம். இதற்கு முன்மாதிரி தஞ்சையில் இருக்கின்றது. இராசராச சோழன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் இராசராசேச்சரத்தின் உச்சியில் வைக்கக் கொடுத்த செப்புக்குடத்தின் நிறை 3,083 பலம் என்று கல்வெட்டில் எழுதியிருக்கின்றது. அக்கோயிலை அமைத்த வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரும், அவனுடன் பணியாற்றிய நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் ஆகியோர் பெயர்களும் அதே கோயிலின் கல்லில் உள்ளன.